கமலவேணியின் கண்ணாடி வீடு

கமலவேணி அக்காள் பெயர் வைக்காமல் எந்தச் செடியையும் வளர்த்ததில்லை. ரப்பர் தோட்டத்தின் ஐந்தாம் டிவிசனில் அவள் வீட்டுக்குப் பின்னால், ஓடைக்கரையில், அவளுக்கு ஒரு காய்கறிக் கொல்லை இருந்தது. விடியற்காலையில் அங்கிருந்து வருகிற சத்தத்தைக் கேட்டு, யாரோ ஒருத்தி மருமகளைத் திட்டுகிறாள் என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் திட்டியது பூசணிக்கொடியை. கொடிக்கு அவள் வைத்திருந்த பெயர் சோம்பேறி.

அவள் அப்பா சேலத்துப் பக்கமிருந்து மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர். இவள் பிறந்தது இதே தோட்டத்தில், மஸ்ஜித் தானா ஊரிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில். வெளிக்காட்டு வேலை, அதாவது புல் வெட்டுவதும் உரம் போடுவதும். கணவர் சாமிக்கண்ணு ரப்பர் பாலுக்குப் பால்மரம் வெட்டுவார். அவர் பேசுவது குறைவு. அந்தக் குறையையும் சேர்த்து இவள் பேசிவிடுவாள்.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய்ச் சர்க்காரோடு சண்டை போட்ட அவசரகாலம் வந்து மூன்றாம் வருஷம் ஐந்தாம் டிவிசனை மூடினார்கள். காட்டோரத்து லயங்களில், வரிசை வீடுகளில், இருந்தவர்களை எல்லாம் லாரியில் ஏற்றி, பெரிய டிவிசனில் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். சாயங்காலம் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். உள்ளேயிருந்து ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது, காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று. அதே காரணத்துக்காக வேலிக்கு வெளியே இருந்த கொல்லைகளை வெட்டிப் போட்டார்கள். சோம்பேறியும் போயிற்று. மற்றவர்கள் லாரியில் அம்மிக்கல்லையும் கோழிக்கூண்டையும் ஏற்றினார்கள். கமலவேணி அக்காள் ஒரு சாக்கு மண்ணை ஏற்றினாள்.

"மண்ண எதுக்குடி தூக்கிட்டு வர்ற? அங்க மண்ணு இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ராமாத்தாள்.

"இருக்கும். ஆனா அது எனக்குப் பழக்கமில்லாத மண்ணு."

அங்கே மண் இருந்தது, இடம்தான் இல்லை. புது லயங்களுக்கு நடுவில் ஒரு சேலை காயப்போடுகிற அகலம் விட்டிருந்தார்கள். அவள் சாக்கை வாசலில் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்ததும் வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தாள். அப்படி நடந்தபோதுதான் துரையின் பங்களாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி வீட்டைப் பார்த்தாள்.

ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் இருந்த ஒரு துரை ஆர்க்கிட் பூ வளர்க்கக் கட்டியது அது. மரச்சட்டம், கூரையும் கண்ணாடி, சுவரும் கண்ணாடி. இப்போது உடைந்த வாளிகளும் பழைய ஏணியும் கிடந்தன. பங்களாவையும் லயங்களையும் சேர்த்தே வேலி போட்டிருந்ததால் அதுவும் வேலிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

அந்த வீட்டின்மேல் இன்னொருவருக்கும் கண் இருந்தது. பெரிய கங்காணி மாயாண்டி. அதைப் பிரித்தால் கண்ணாடியும் சட்டமும் எத்தனையோ வேலைக்கு ஆகும் என்று அவர் துரையிடம் சொல்லி வைத்திருந்தார். துரையும் சரி என்கிற மாதிரி தலையசைத்திருந்தார். எனக்கு இது தெரியக் காரணம், என் அப்பா அங்கே ஆபீஸில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி. நான் மலாக்காவில் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்து தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆகவே துரையம்மாவிடம் போக கமலவேணி அக்காளுக்குத் துணை வேண்டியிருந்தபோது என்னைக் கூப்பிட்டாள்.

"நீ ஒண்ணும் பேச வேணாம் தங்கச்சி. நான் சொல்றத அப்படியே திருப்பிச் சொன்னா போதும்."

அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் எங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள். பாதியைத்தான் சொன்னேன்.

துரையம்மா உள்ளே போய் இரண்டு காகிதப் பொட்டலங்களைக் கொண்டுவந்தார். அவருடைய தங்கை இங்கிலாந்திலிருந்து அனுப்பிய தக்காளி விதைகள். குளிர்நாட்டில், கண்ணாடி வீட்டுக்குள் வளர்ப்பதற்கென்றே தேர்ந்தெடுத்தவையாம். மேலே படம் போட்டிருந்தது. ஒன்றில் கை கொள்ளாத பெரிய சிவப்புப் பழம், இன்னொன்றில் மஞ்சள் பழம். கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் இந்தக் கண்ணாடி வீட்டில் பழுத்த தக்காளி ஒரு தட்டு வந்தால், தாங்கள் இந்தத் தோட்டத்தில் இருக்கும்வரை வீடு கமலவேணியுடையது என்றார். வராவிட்டால் மாயாண்டி பிரித்துக்கொள்ளட்டும்.

சாவி கைக்கு வந்ததும் கமலவேணி அக்காள் பங்களா வாசலிலேயே நின்று, மாரியம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"தாயே, இந்த வீட்டுல பழுக்கிற மொதப் பழம் ஒனக்குத்தான். ஒனக்கு வெச்சதுக்கு அப்புறந்தான் வேற ஒருத்தருக்கும் பறிப்பேன்."

ஐந்தாம் டிவிசனில் இருந்தபோது ஒவ்வொரு வெள்ளாமைக்கும் அவள் இப்படித்தான் வேண்டுவாள். பழக்கத்தில் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் தண்ணீர்க்குழாயடியில் நான் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னேன். குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். இந்தச் சிவப்பு இனம் ஆளைவிட உயரமாக வளரும், கயிறு கட்டி ஏற்ற வேண்டும். மஞ்சள் இனம் சீக்கிரம் காய்க்கும், வெயில்காலம் குறைவாக உள்ள இடங்களுக்கு ஏற்றது. இரவில் குளிர் அதிகமானால் உள்ளே கணப்பு மூட்ட வேண்டும்.

"என்னது?" என்றாள் ராமாத்தாள்.

"நெருப்பு மூட்டி வைக்கணுமாம், செடிக்குக் குளிராம இருக்க."

"அட பாவமே, அடுப்பு வெச்சா தக்காளி வளக்கிறாங்க? நாம அடுப்புல வெச்சா ரசம்லா ஆயிடும்!"

"அப்படின்னா இங்க வளர்றது ரொம்பச் சுளுவு" என்றாள் கமலவேணி அக்காள். "இந்த ஊரே அடுப்புதானே."

கூட்டிச் சுத்தம் செய்து, கொண்டுவந்த சாக்கு மண்ணை மாட்டெருவோடு கலந்து கொட்டி, இரண்டு வகையும் விதைத்தாள். சிவப்புக்கு வெள்ளைக்காரன் என்று பெயர் வைத்தாள். மஞ்சளுக்கு மஞ்சாயி.

வெள்ளைக்காரன் வளர்ந்த அழகைச் சொல்ல வேண்டும். இரண்டு மாதத்தில் கூரைக் கண்ணாடியை முட்டிற்று. இலை ஒவ்வொன்றும் விரித்த கை மாதிரி. துரையம்மா தினமும் வந்து இலையைத் தொட்டு மோந்து பார்ப்பார். தன் அம்மா வீட்டு வாசனை என்பார். கொத்துக் கொத்தாகப் பூத்தது. பூத்த பூவெல்லாம் இரண்டாம் நாள் காம்போடு உதிர்ந்தது. மஞ்சாயியும் அதையேதான் செய்தாள். அவள் மட்டும் ஒரே ஒரு பிஞ்சு பிடித்தாள். அதுவும் வெடித்து அழுகிற்று.

உள்ளே நின்றால் நமக்கே மயக்கம் வருகிற புழுக்கம். குளிர்நாட்டுக்காரர்கள் வெயிலைப் பிடித்து வைப்பதற்காகக் கட்டுகிற வீட்டை, வெயில் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாத ஊரில் கட்டி வைத்திருந்தார் அந்தப் பழைய துரை. கமலவேணி அக்காள் கதவைத் திறந்து வைத்தாள், ஓலை மறைத்தாள், செடியைத் திட்டினாள். பூ உதிர்வது நிற்கவில்லை.

செப்டம்பர் வாக்கில் மாயாண்டி கங்காணி இரண்டு ஆட்களோடு வந்தார். புது டிஸ்பென்சரி ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டுமாம், மலாக்காவில் கிடைக்கவில்லையாம். துரை சொன்னார் என்று நாலு பக்கச் சுவர்க் கண்ணாடியையும் கழற்றினார்கள். கூரைக்கு ஏணி வைத்தபோது துரையம்மா ஓடிவந்து போட்ட சத்தத்தில் ஏணி இறங்கிவிட்டது.

"கிறிஸ்மஸ்க்குத்தானே தவணை?" என்றார் கங்காணி, போகிற போக்கில். "அப்ப வந்து மிச்சத்த எடுத்துக்கறேன் கமலவேணி. அதுவரைக்கும் தொடச்சு வை."

"நீங்க வர்றப்ப ஒரு தட்டு கொண்டாங்க அண்ணே. தக்காளி தரேன்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, அன்று அவள் கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். அங்கே, கூரைத் தண்ணீர் வடிகிற வாய்க்கால் ஓரத்தில், அரையடி உயரத்துக்கு ஒரு செடி புதராய்ப் படர்ந்து கிடந்தது. கோலிகுண்டு அளவில் காய் பிடித்திருந்தது.

அது சாமிக்கண்ணுவின் வேலை. மஸ்ஜித் தானா சந்தையில் ஒரு மலாய்க்காரக் கிழவி தன் கம்போங் கிராமத்தில் விளைந்த சின்னத் தக்காளியைக் கூறு கட்டி விற்பாள். மீன்கறிக்குப் புளிப்பாக இருக்கும் என்று அவர் வாங்கி வருவார். நசுங்கினதை அந்த வாய்க்காலில் எறிந்திருக்கிறார். அவள் அந்தத் தக்காளியை ஒருநாளும் மதித்ததில்லை. விதைத்து வளர்க்கிற சாதியே இல்லை அது என்பாள்.

"நீ எங்கிருந்துடா வந்தே, குட்டையா?" என்று கேட்டாள் செடியிடம். பெயர் விழுந்துவிட்டது.

வெளியே மழையில் கிடந்தால் குட்டையனும் நிலைக்காது என்று அவளுக்குத் தெரியும். கார்த்திகை மழை வந்தால் தக்காளி இலை கருகிவிடும். கூரை வேண்டும், காற்றும் வேண்டும். கூரை மட்டும் நின்று சுவர் போன கண்ணாடி வீடு அதற்குத்தான் செய்து வைத்தது போல் இருந்தது. மாயாண்டி கங்காணிக்கு அவள் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள், வெளியில் சொல்லவில்லை. ஆனால் பாத்தி முழுக்க வெள்ளைக்காரன் நின்றான். அவனைப் பிடுங்கினால் தினமும் மோந்து பார்க்க வருகிற துரையம்மாவுக்கு என்ன சொல்வது? கடைசியில் சாமிக்கண்ணு மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கொடுத்தார். குட்டையனைச் சுற்றி முளைத்திருந்த கன்றுகளைத் தகரத்துக்கு ஒன்றாக நட்டு, வெள்ளைக்காரனின் காலடியில் வரிசையாக வைத்தாள்.

துரையம்மா தகரங்களைப் பார்த்து இது என்ன என்று கேட்டார். "வேலைக்காரங்க" என்றாள் கமலவேணி அக்காள். நான் காவலுக்கு வைத்த செடிகள் என்று மொழிபெயர்த்தேன்.

டிசம்பர் பிறந்ததும் குட்டையன் காய்த்துத் தள்ளினான். மூன்றாம் வாரம் முதல் பழம் சிவந்தது. பிறகு பக்கத்திலேயே இன்னொன்று. லயமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அப்போதுதான் சாமிக்கண்ணு, வெற்றிலையை மென்றுகொண்டே, தன்னுடைய அந்த மாதப் பேச்சை எல்லாம் மொத்தமாகப் பேசினார்.

"மொதப் பழம் அம்மனுக்குன்னு சொன்னியே. அம்மன் எங்க இருக்கா?"

"கோயில்ல."

"கோயில் எங்க இருக்கு?"

கோயில் வேலிக்கு வெளியே மேட்டில் இருந்தது. வேலி ஓரத்தில் நின்றால் கோபுரம் தெரியும். வெள்ளிக்கிழமை பகலில் போய்க் கும்பிட்டு வரலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் தேங்காய், பழம், பொங்கல் எதுவும் கேட்டைத் தாண்டக்கூடாது. ஒரு வருஷமாக மாரியம்மனுக்குக் கற்பூரமும் பூவும்தான்.

அம்மனுக்கு வைக்காமல் பறிக்க முடியாது. பறித்தால் கேட்டைத் தாண்ட முடியாது. பறிக்காவிட்டால் கிறிஸ்துமஸ் தட்டு காலி, வீடு மாயாண்டி கங்காணிக்கு.

"சும்மா பறிச்சுக் குடுத்துட்டு, பெறகு அம்மன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம்லா" என்றாள் ராமாத்தாள்.

"அம்மை போட்டா நீ வந்து வேப்பிலை வீசுவியா?"

துரையம்மாவிடம் கேட்டுப் பார்த்தோம். போலீஸ் விஷயத்தில் தானும் தலையிட முடியாது, துரையும் தலையிட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். இரண்டு நாள் கமலவேணி அக்காள் எந்தச் செடியையும் திட்டவில்லை. எங்களுக்குப் பயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயிலுக்குப் போகிறவர்கள் கேட்டில் வரிசையாக நின்றோம். அன்று காவலில் இருந்தவர் போலீஸ் கோப்பரல் யூசோப். பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். கமலவேணி அக்காள் தலையில் சும்மாடு கட்டி, அதன்மேல் மண்ணெண்ணெய்த் தகரத்தை வைத்துக்கொண்டு வந்தாள். தகரத்தில் குட்டையன், இலையும் பழமுமாக ஆடிக்கொண்டு.

"இது என்ன அக்கா?"

"செடி."

"செடியில தொங்குறது?"

"அதுவும் செடிதான்."

"சாப்பாடு வெளிய போகக்கூடாதுலா. ஒனக்குத் தெரியாதா?"

"பறிச்சாத்தான் தம்பி சாப்பாடு. பறிக்கலேன்னா செடி. போன வாரம் நீ ஒன் வீட்டுக்கு ரோசாக் கன்னு கொண்டுபோனே, அத யாராச்சும் கேட்டாங்களா?"

"ரோசாவ யாரும் கறி வெக்க மாட்டாங்க."

"காட்டுல இருக்கறவன் வந்து இந்தத் தகரத்தத் தூக்கிட்டு ஓடுவான்னு பயப்படுறியா? ஓடட்டும். தெனம் ரெண்டு வேள தண்ணி ஊத்தணும்னு சொல்லி அனுப்பு."

வரிசை சிரித்தது. யூசோப் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த சட்டத்தை எடுத்தார்.

"தகரம்? ஓட்டை போடாத தகரம் கேட்டத் தாண்டக்கூடாது. ஆர்டர் தெரியுமில்ல?"

கடையில் வாங்குகிற டின்னில்கூட அங்கேயே ஓட்டை குத்தித்தான் கொடுப்பார்கள், சாமான் பதுக்கி வைக்க முடியாதபடி. கமலவேணி அக்காள் தகரத்தை இறக்கி, அவர் பூட்ஸுக்கு நேராகப் பிடித்தாள். காலையில் ஊற்றிய தண்ணீர் சேறாக அதன்மேல் சொட்டிற்று.

"எண்ணிக்கோ. ஒங்க ஆர்டருக்குத்தான் எங்க வீட்டுக்காரர் ஆணி அடிச்சிருக்காரு."

கோப்பரல் யூசோப் பூட்ஸைப் பார்த்தார், தகரத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து பழங்களை விரல்விட்டு எண்ணினார். பதினொன்று. திரும்பி வரும்போதும் பதினொன்று இருக்க வேண்டும் என்று சொல்லி, கூடவே ஒரு கான்ஸ்டபிளையும் அனுப்பினார். முன்னால் தக்காளிச்செடி, அதற்குப் பின்னால் துப்பாக்கி, துப்பாக்கிக்குப் பின்னால் நாங்கள். அந்த மேட்டில் அப்படி ஓர் ஊர்வலம் ஏறினதில்லை. வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் கேட்டின் மேல்கம்பியிலேயே மாட்டியிருப்பான் என்று ராமாத்தாள் என் காதில் சொன்னாள்.

கோயிலில் பூசை செய்கிற பண்டாரம் பிச்சைமுத்துவுக்கு ஒரே குழப்பம். "செடியோட கொண்டாந்தா எப்படிம்மா படைக்கிறது?"

"அம்மா கண்ணாலதானே சாப்பிடுவா? காட்டு, போதும்."

அவர் தகரத்தை அம்மன் முன்னால் வைத்து, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு பழத்துக்கும் குங்குமம் வைத்தார். கான்ஸ்டபிள் வாசற்படிக்கு வெளியே நின்று அவர் கையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பண்டாரம் கற்பூரம் காட்டினார். மணி அடித்தார். அப்போது, முதலில் சிவந்த பழம், யாரும் தொடாமலே காம்பைவிட்டு விழுந்து உருண்டு, அம்மன் காலடியில் போய் நின்றது.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். கமலவேணி அக்காள் மட்டும், "எடுத்துக்கிட்டியா தாயே? எடுத்துக்கோ" என்றாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுகிற மாதிரி.

ஆனால் அதை அங்கேயே விட்டுவர முடியாது. வேலிக்கு வெளியே கிடக்கிற சாப்பாடு அல்லவா? கான்ஸ்டபிள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பண்டாரம் அதைக் கத்தியால் நறுக்கினார். ஆளுக்கொரு தோல் அளவு வந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கோயிலில் கிடைத்த பிரசாதம். அவ்வளவு புளிப்பாக நான் எதையும் தின்றதில்லை. எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தின்றோம்.

கேட்டில் யூசோப் மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு எங்க?"

"வயித்துல."

"யாரு வயித்துல?"

"வரிசையில நிக்கிற எல்லார் வயித்துலயும். வேணும்னா தடவிப் பாரு."

கான்ஸ்டபிள் மலாயில் நடந்ததைச் சொன்னார். தானே விழுந்தது என்பதைக் கையால் காட்டினார். யூசோப், "வெளிய போனது எல்லாம் உள்ள வந்துடுச்சு. போங்க" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் அன்று வழக்கம்போல் கங்காணிகளும் கிராணிகளும் மாலையும் எலுமிச்சம்பழமுமாகப் பங்களாவுக்குப் போனார்கள். மாயாண்டி கங்காணி எல்லோருக்கும் முன்னால் நின்றார். கடைசியாகக் கமலவேணி அக்காள் வந்து மேசையில் தட்டை வைத்தாள். பித்தளைத் தட்டு நிறையச் சின்னச் சின்னத் தக்காளி. கோயிலுக்குப் போய்வந்த பழங்களைக் கழுவ அவளுக்கு மனம் வரவில்லை. சிலதின்மேல் குங்குமம் அப்படியே இருந்தது.

துரை தன் தட்டில் ஒன்றை எடுத்து வைத்து, இது தக்காளியின் குழந்தையா என்று கேட்டார். துரையம்மா ஒன்றை வாயில் போட்டார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சிரித்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இது என் தங்கை அனுப்பிய இனம் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை, இது மஸ்ஜித் தானா" என்றேன்.

"இந்தச் சிவப்புப் பொடி?"

நான் வார்த்தை தேடுவதற்குள், "எங்க அம்மா ஒரு வாய் தின்னுட்டுக் குடுத்தாங்கன்னு சொல்லு" என்றாள் கமலவேணி அக்காள். இந்தத் தடவை அப்படியே திருப்பிச் சொன்னேன். துரையம்மா குங்குமத்தை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, மாயாண்டியை நோக்கித் திரும்பி, அந்த வீட்டை இனி யாரும் தொடக்கூடாது என்றார்.

கங்காணி வெளியே வந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். "நான்தான் சொவத்தக் கழட்டினேன். காத்து வந்ததாலதானே காய்ச்சுது? எனக்கும் ரெண்டு கன்னு குடு."

"தட்டு கொண்டாந்தீங்களா அண்ணே?"

கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். அடுத்த வருஷம் லயத்து வாசல்களில் எல்லாம் மண்ணெண்ணெய்த் தகரத்தில் குட்டையன் நின்றான். முதலில் பழுத்த செடியைத் தகரத்தோடு தூக்கிப் போய் அம்மனுக்குக் காட்டிவருவது வழக்கமாகிவிட்டது. எண்ணி எண்ணி யூசோப்புக்கு அலுத்துப் போயிற்று.

துரையம்மா வீட்டைக் கொடுத்த பிறகு இனிப் பாத்தியில் எதை நட வேண்டும் என்பது கமலவேணி அக்காளின் இஷ்டம். மஞ்சாயியைப் பிடுங்கினாள். வெள்ளைக்காரர்களையும் பிடுங்கி, எல்லா இடத்திலும் குட்டையனை வைத்தாள், ஒரு மூலை தவிர. அந்த மூலையில் ஒரே ஒரு வெள்ளைக்காரன் கயிற்றில் ஏறிக் கூரையை முட்டிக்கொண்டு, பூத்துப் பூத்து உதிர்த்துக்கொண்டு நின்றான்.

அதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பொறந்த வீட்டு வாசனைக்கு அந்த அம்மா தெனம் வருதுல்ல" என்றாள். பிறகு செடியைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அதுக்காக நீ சும்மாவே நிக்கலாம்னு நெனச்சுக்காதே, சொல்லிட்டேன்."